சில கமிட்டுகளை மட்டும் வேறு கிளைக்கு நகலெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் ஏழு பேராக அமர்ந்து ஆயத்த ஆடைக் கடைகளுக்கான பில் மென்பொருள் எழுதுகிறோம். விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் உள்ள கடைகள் முதல் திருமங்கலம், மேலூர் வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களும் சனிக்கிழமைகளில் கற்றுக்கொள்ள வரும் கல்லூரி மாணவர்களும் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டின் செர்ரி-பிக் கட்டளையைப் பற்றிக் கேட்பவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதிவைத்து, கீழே பதில் தந்திருக்கிறேன். கட்டளைகளை உச்சரிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்; முனையத்தில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

அக்கா, செர்ரி-பிக் என்றால் சுருக்கமாக என்ன?

கமிட் என்பது நிரலில் செய்த மாற்றத்தின் ஒரு பதிவு; கிளை என்பது அத்தகைய கமிட்டுகளின் தனி வரிசை. வேறொரு கிளையில் உள்ள ஒரு கமிட் செய்த மாற்றத்தை மட்டும் எடுத்து, நீங்கள் இப்போது நிற்கும் கிளையின் நுனியில் புதிய கமிட்டாக வைப்பது. மாற்றம் எந்தக் கிளைக்குப் போக வேண்டுமோ அந்தக் கிளைக்கு முதலில் மாறிக்கொள்ளுங்கள். பிறகு 'கிட் செர்ரி-பிக்' என்று அடித்து, வேண்டிய கமிட்டின் அடையாள எண்ணைக் கொடுங்கள். 40 எழுத்துகளையும் அடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் முதல் ஏழெட்டு எழுத்துகள் போதும்.

புதியவர்கள் தடுமாறுவது திசையில்தான். கமிட் இருக்கும் கிளையில் நின்றுகொண்டு 'அங்கே அனுப்பு' என்று கிட்டிடம் சொல்ல வழியில்லை. வாங்கும் கிளையில் நின்று 'இங்கே கொண்டு வா' என்றுதான் சொல்ல முடியும்.

செர்ரி பழத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மரத்தில் பழுத்த பழங்களை மட்டும் பார்த்துப் பறிப்பதற்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். மல்லிகைத் தோட்டத்தில் விடியும் முன்னே போய், அன்று மாலை மலரப்போகிற மொட்டுகளை மட்டும் பறித்துவிட்டுப் பிஞ்சுகளைச் செடியிலேயே விட்டுவருகிறார்களே, அந்தத் தேர்வுதான்.

ஆனால் இந்தப் பெயரே பலரைக் குழப்புகிறது. பறித்த மொட்டு செடியில் இருக்காது. செர்ரி-பிக் செய்த கமிட்டோ பழைய கிளையில் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் பதியன்தான் சரியான உவமை. தாய்ச்செடி தன் இடத்தில் நிற்க, அதன் கிளையிலிருந்து வந்த கன்று வேறு மண்ணில் தன் வேரோடு வளர்கிறது. மெர்க்குரியல் என்ற இன்னொரு பதிப்பு மேலாண்மைக் கருவியில் இதே வேலைக்கு 'கிராஃப்ட்', அதாவது ஒட்டுக் கட்டுதல், என்று பெயர்.

மெர்ஜ் செய்தாலே எல்லாம் வந்துவிடுமே, இது எதற்கு?

மெர்ஜ் என்பது ஒரு கிளையை முழுவதுமாக இன்னொன்றில் சேர்ப்பது. எல்லாம் வந்துவிடும் என்பதுதான் சிக்கல். 2025 செப்டம்பர் 3 அன்று புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் அறிவிக்கப்பட்டன. செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. அதுவரை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். புதிய விதியில் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். திருத்தத்தை வழக்கம்போல் முதன்மைக் கிளையான மெயினில் எழுதினோம். அதே கிளையில் இணையவழி இருப்புக் கணக்கு என்ற புதிய வசதி பாதி முடிந்த நிலையில் கிடந்தது. கடைகளில் ஓடிக்கொண்டிருந்தவை 4.1, 4.2 என்ற இரண்டு பழைய பதிப்புகள். அக்டோபர் 20 தீபாவளி. அந்த நேரத்தில் கடைக்காரரிடம் போய்ப் பாதி வெந்த வசதியைக் கொடுக்க முடியாது. வரித் திருத்தத்தைக் கொடுக்காமலும் இருக்க முடியாது.

இப்படி ஒரு மாற்றம் உடனே தேவைப்பட்டு, அதைச் சூழ்ந்திருக்கும் மற்றவை வேண்டாம் என்ற நிலையில்தான் செர்ரி-பிக் பயன்படும். கிளை முழுவதும் தேவையென்றால் மெர்ஜ் செய்யுங்கள்.

அதே மாற்றம்தானே, கமிட் எண் மட்டும் ஏன் மாறிவிட்டது?

கமிட் எண்ணை யாரும் வரிசையாகக் கொடுப்பதில்லை. அது கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கிய நாளிலிருந்து இதுவே முறை. அந்த நேரத்துக் கோப்புகளின் நிலை, தாய்க் கமிட்டின் (நேர் முந்தைய கமிட்டின்) எண், எழுதியவர், பதிவு செய்தவர், இருவருக்கும் உரிய நேரங்கள், செய்தி ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். புதிய கிளையில் தாய் வேறு, பதிவான நேரம் வேறு. ஆகவே எண்ணும் வேறு.

இதைச் சடங்குபோலக் கேட்டுவிட்டுக் கடந்துபோகாதீர்கள். கிட்டின் பார்வையில் இவை இரண்டும் தொடர்பில்லாத இரண்டு கமிட்டுகள். ஒன்று மற்றொன்றின் நகல் என்று அது எங்கும் குறித்துவைப்பதில்லை. கீழே வரும் கடினமான கேள்விகள் பலவற்றுக்கு வேர் இதுதான்.

என் பெயரில் பதிவாகுமா, எழுதியவர் பெயரிலா?

இரண்டும். எழுதியவர் பெயரும் எழுதிய நாளும் அப்படியே வரும். பதிவு செய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் இப்போதைய நேரமும் ஏறும். 'கிட் லாக்' சாதாரணமாக முதலாவதை மட்டும் காட்டும்; '--ஃபார்மட்=ஃபுல்லர்' சேர்த்தால் இரண்டையும் காணலாம். அடுத்தவர் உழைப்பை நம் பெயரில் போட்டுக்கொண்டதாகிவிடுமோ என்று ஒரு மாணவி தயங்கினாள். அந்தத் தயக்கம் நல்லது, ஆனால் இங்கே தேவையில்லை.

நான் எடுத்தது ஒரே ஒரு வரி. அதற்கும் கான்ஃப்ளிக்ட் வருகிறதே?

செர்ரி-பிக் என்பது வேறுபாட்டை வெட்டி ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே நடப்பது மும்முனை மெர்ஜ். நீங்கள் கேட்ட கமிட்டின் தாய் நிலையை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் அந்தக் கமிட்டின் நிலை, மறுபக்கம் உங்கள் கிளையின் இப்போதைய நிலை. அடிப்படையிலிருந்து இரு பக்கமும் என்னென்ன மாறியிருக்கின்றன என்று பார்த்து இரண்டையும் சேர்க்கிறது. அந்த ஒரு வரியோ அதை ஒட்டிய வரிகளோ உங்கள் கிளையில் வேறாக இருந்தால், எது சரி என்று தீர்மானிக்க முடியாமல் உங்களிடம் கேட்கிறது. அதுதான் கான்ஃப்ளிக்ட்.

இந்த முறையால் ஒரு நன்மையும் உண்டு. உங்கள் கிளையில் கோப்பின் பெயர் மாறியிருந்தாலும், உள்ளடக்கம் போதுமான அளவு ஒத்திருந்தால் கிட் கண்டுபிடித்துச் சரியான கோப்பிலேயே மாற்றத்தைச் சேர்த்துவிடும்.

கான்ஃப்ளிக்டில் 'அவர்ஸ்', 'தெய்ர்ஸ்' என்றால் யார் யாருடையது?

செர்ரி-பிக்கில் 'அவர்ஸ்' என்பது நீங்கள் நிற்கும் கிளை. 'தெய்ர்ஸ்' என்பது எடுத்துவரும் கமிட். ரிபேஸ் செய்யும்போது இது தலைகீழாகத் தெரியும். காரணம், அங்கே அடுத்த கிளையின் நுனியில் நின்றுகொண்டு உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறது கிட். 'நிற்கும் இடம் நம்முடையது' என்று நினைவில் வைத்தால் இரண்டிலும் குழப்பம் வராது.

கான்ஃப்ளிக்ட் எதுவும் வரவில்லை. அப்படியானால் சரியாகப் போய்விட்டது, இல்லையா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன ஜிஎஸ்டி திருத்தம் மெயினில் இரண்டு கமிட்டுகளாக இருந்தது. முதலாவது, வரம்பை 1,000-இலிருந்து 2,500 ஆக்கியது. இரண்டாவது, 12 சதவீதத்தை 18 ஆக்கியது. இரண்டும் வெவ்வேறு கோப்புகள். இரண்டாவதன் செய்தியில் 'புதிய ஜிஎஸ்டி விகிதம்' என்று இருந்ததைப் பார்த்து, அதை மட்டும் 4.1 கிளைக்கு எடுத்தேன். கான்ஃப்ளிக்ட் இல்லை. நிரல் ஓடியது. பில்லும் அச்சானது. 22-ஆம் தேதி காலை ஒரு கடையில் 1,400 ரூபாய்ச் சுடிதாருக்கு 70 ரூபாய் வரி வர வேண்டிய இடத்தில் 252 ரூபாய் வந்தது. வரம்பு இன்னும் 1,000-இலேயே நின்றதால், 5 சதவீதத்தில் விழ வேண்டியது 18-இல் விழுந்துவிட்டது. வாங்க வந்த அம்மா கேட்ட பிறகுதான் கடைக்காரருக்கே தெரிந்தது. அவர் என்னை அழைத்தபோது கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தவறு முழுவதும் என்னுடையது.

கான்ஃப்ளிக்ட் இல்லை என்பதற்கு வரிகள் முட்டிக்கொள்ளவில்லை என்று மட்டுமே பொருள். ஒரு கமிட் தனக்கு முன்னால் வந்த எதை நம்பி நிற்கிறது என்று கிட்டுக்குத் தெரியாது. ஆகவே எடுப்பதற்கு முன் 'கிட் லாக்' கொண்டு அந்தக் கமிட்டின் முன்னும் பின்னும் அதே வேலைக்காக வந்தவற்றைப் பாருங்கள். எடுத்த பிறகு, வாங்கிய கிளையில் சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள். மெயினில் தேறிய சோதனை 4.1-க்குச் சான்று ஆகாது. தரவுத்தள அட்டவணையை மாற்றும் கமிட் பின்னால் இருக்கிறதா என்பதையும் தனியே பாருங்கள். எங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் தவறுவது அங்கேதான்.

ஐந்தாறு கமிட்டுகளை ஒரே கட்டளையில் எடுக்கலாமா?

எடுக்கலாம். எண்களை இடைவெளிவிட்டு வரிசையாகக் கொடுத்தால், கொடுத்த வரிசையிலேயே போடும். ஆகவே பழையதை முதலில் எழுதுங்கள். தொடர்ச்சியாக இருந்தால் 2010-இல் வந்த 1.7.2 பதிப்பு முதல் 'ஏ..பி' என்று வீச்சாகவும் கொடுக்கலாம். அப்போது பழையதிலிருந்து புதியதற்குத் தானே போகும்.

வீச்சில் ஒரு பொறி இருக்கிறது. 'ஏ..பி' என்றால் ஏ சேராது. அதற்கு அடுத்ததிலிருந்துதான் தொடங்கும். ஏ-யும் வேண்டுமென்றால் 'ஏ^..பி' என்று எழுத வேண்டும். முதல் கமிட் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய பதிலில் உள்ள சுடிதாரே சாட்சி.

நடுவில் சிக்கிக்கொண்டேன், எப்படி வெளியே வருவது?

கான்ஃப்ளிக்டைச் சரிசெய்து 'கிட் ஆட்' கொடுத்துவிட்டு 'கிட் செர்ரி-பிக் --கன்டின்யூ' அடித்தால் தொடரும். '--ஸ்கிப்' இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். '--அபார்ட்' தொடங்குவதற்கு முன் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும்; ஐந்தில் மூன்று முடிந்திருந்தால் அந்த மூன்றும் போய்விடும். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டுமென்றால் '--குவிட்'.

தவறான கிளையில் கமிட் செய்துவிட்டேன் அக்கா!

இன்னும் புஷ் செய்யவில்லை, அதாவது எல்லோருக்கும் பொதுவான சேமிப்பிடத்துக்கு அனுப்பவில்லை என்றால் பதற வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான கிளைக்குப் போய்ச் செர்ரி-பிக் செய்யுங்கள். வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பிறகு தவறான கிளைக்குத் திரும்பி 'கிட் ரீசெட் --ஹார்ட் ஹெட்~1' அடியுங்கள். இந்தக் கட்டளை கமிட் செய்யாத மாற்றங்களையும் அழித்துவிடும். அதற்கு முன் 'கிட் ஸ்டேட்டஸ்' பார்ப்பது கட்டாயம்.

தவறுதலாக அதிகம் அழித்துவிட்டாலும், கமிட் செய்தது எதுவும் உடனே மறைவதில்லை. 'கிட் ரெஃப்லாக்' அடித்தால் பழைய எண்கள் தெரியும். எந்தக் கிளையும் எட்டாத கமிட்டுகளின் பதிவையும் இயல்பான அமைப்பில் 30 நாள் வைத்திருக்கும். புஷ் செய்தாகிவிட்டது என்றால் ரீசெட்டைத் தொடாதீர்கள். தவறான கிளையில் 'கிட் ரிவர்ட்' செய்யுங்கள்; அது பழைய கமிட்டை அழிக்காமல், அதன் மாற்றத்தை நீக்கும் புதிய கமிட்டைச் சேர்க்கும்.

அந்தக் கமிட்டில் ஒரு கோப்பு மட்டும் போதும் என்றால்?

'-என்' சேர்த்துச் செர்ரி-பிக் செய்தால் மாற்றங்கள் வரும், கமிட் ஆகாது. வேண்டாத கோப்புகளை 'கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு --வொர்க்ட்ரீ' கொண்டு பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு மிச்சத்தைக் கமிட் செய்யுங்கள். எழுதியவர் பெயர் தானாக வராது. கமிட் செய்யும்போது பெரிய எழுத்து '-சி' தெரிவுடன் பழைய எண்ணைக் கொடுத்தால் பெயரும் செய்தியும் வந்துவிடும். சிறிய எழுத்துச் சி கொடுத்தால் செய்தியைத் திருத்தவும் இடம் தரும்.

'கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்' கொண்டு அந்தக் கிளையிலிருந்து கோப்பையே எடுத்துவரலாமே என்பார்கள். அது வேறு வேலை. அந்தக் கமிட்டின் மாற்றம் மட்டும் வராது. அதுவரை அந்தக் கோப்பில் நடந்த எல்லாமே வந்துவிடும்.

மெர்ஜ் கமிட்டை எடுக்கப் போனால் மறுக்கிறது. ஏன்?

மெர்ஜ் கமிட்டுக்குத் தாய் இரண்டு. எந்தத் தாயோடு ஒப்பிட்டு மாற்றத்தைக் கணக்கிடுவது என்று கிட்டுக்குத் தெரியாததால் மறுக்கிறது. '-எம் 1' என்று கொடுத்தால், மெர்ஜ் செய்தபோது நின்றிருந்த கிளையை அடிப்படையாகக் கொள்ளும். பெரும்பாலும் அதுதான் உங்களுக்கு வேண்டியது. அந்தக் கிளையின் வேலை முழுவதும் ஒரே கமிட்டாகச் சுருங்கி வந்துசேரும். தனித்தனிக் கமிட்டுகளின் செய்திகள் கிடைக்காது என்பதால் நான் இதை விரும்புவதில்லை. இயன்றவரை உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாக எடுக்கிறேன்.

'காலியாகிவிட்டது' என்று நின்றுவிட்டது.

நீங்கள் கொண்டுவரும் மாற்றம் ஏற்கெனவே இந்தக் கிளையில் இருக்கிறது. '--ஸ்கிப்' கொடுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குத்தான் '-எக்ஸ்'. அதைச் சேர்த்தால், எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்ற வரி அதன் முழு எண்ணோடு செய்தியின் கடைசியில் சேரும். மேலே எண்ணைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்டேன், கிட் இந்த உறவை எங்கும் குறித்துவைப்பதில்லை என்று. ஆகவே நாம்தான் குறித்துவைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பதிப்புக் கிளைகளுக்கு '-எக்ஸ்' இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. கான்ஃப்ளிக்ட் வந்து சரிசெய்த இடங்களில் அந்த வரி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கையால் எழுதுங்கள். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கிளையிலிருந்து எடுத்தால் இது வேண்டாம். அந்த எண் வேறு யாரிடமும் இருக்காது.

அந்த வரி இல்லாத பழையவற்றுக்கு 'கிட் செர்ரி' என்ற தனிக் கட்டளை இருக்கிறது. இரண்டு கிளைகளைக் கொடுத்தால், அடுத்த கிளையில் இணையான மாற்றம் இருப்பவற்றைக் கழித்தல் குறியோடும் இல்லாதவற்றைக் கூட்டல் குறியோடும் காட்டும். வரி எண்களையும் வெற்றிடங்களையும் விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் ஒப்பிடுகிறது. கான்ஃப்ளிக்ட் தீர்க்கும்போது நீங்கள் எதையாவது மாற்றியிருந்தால் இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிவிடும். சப்வெர்ஷன் என்ற வேறொரு பதிப்பு மேலாண்மைக் கருவியிலிருந்து வருகிறவர்களுக்கு இது குறையாகப் படலாம். அங்கே 2008-இல் வந்த 1.5 பதிப்பு முதல் எது எங்கே சேர்ந்தது என்று கருவியே குறித்துவைக்கிறது.

பிறகு இரு கிளைகளையும் மெர்ஜ் செய்தால் அந்த மாற்றம் இரண்டு முறை வருமா?

கோப்பில் வராது, வரலாற்றில் வரும். 'கிட் லாக்' இரண்டு கமிட்டுகளையும் காட்டும். மெர்ஜ் கமிட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. பொது மூதாதையையும் இரு நுனிகளையும்தான் பார்க்கிறது. இரு பக்கமும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் இருந்தால் ஒருமுறை எடுத்துக்கொள்ளும். எடுத்த பிறகு ஒரு கிளையில் அதே வரியை மறுபடி மாற்றியிருந்தால் கான்ஃப்ளிக்ட் வரும். ரிபேஸ் செய்தால், இணையான மாற்றம் அங்கே இருப்பதைக் கண்டு அந்தக் கமிட்டைத் தானே விட்டுவிடும்.

மெயினில் ரிவர்ட் செய்து தூக்கிய மாற்றம், மெர்ஜுக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. யார் கொண்டுவந்தது?

யாரும் கொண்டுவரவில்லை. ரசீதின் வரி நீளத்தை மெயினில் 42 எழுத்திலிருந்து 48 ஆக்கி, அதை 4.2-க்கும் எடுத்தோம். சில கடைகளின் அச்சுப்பொறி ஓரத்தை வெட்டியது. மெயினில் ரிவர்ட் செய்து 42-க்குத் திரும்பினோம், 4.2-இல் செய்ய மறந்தோம். சில வாரம் கழித்து 4.2-ஐ மெயினில் மெர்ஜ் செய்தோம். கான்ஃப்ளிக்ட் இல்லாமல் 48 திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது.

முந்தைய பதிலை வைத்துப் பாருங்கள். பொது மூதாதையில் 42. மெயினின் நுனியிலும் 42. ஆகவே மெயினில் எதுவும் மாறவில்லை என்று முடிவாகிறது. நடுவில் போய்த் திரும்பியதை மெர்ஜ் பார்ப்பதே இல்லை. 4.2-இல் 48. ஒரு பக்கம் மட்டும் மாறியிருப்பதால் அதை எடுத்துக்கொள்கிறது. கணக்கு சரி, விளைவு தவறு.

நகலெடுத்ததை ரிவர்ட் செய்தால், நகல் போன எல்லாக் கிளைகளிலும் ரிவர்ட் செய்யுங்கள். '-எக்ஸ்' வரிகள் அந்தக் கிளைகளைக் காட்டிக்கொடுக்கும். இதைவிட உறுதியான வழியும் உண்டு. 'கிட் மெர்ஜ்-பேஸ்' அடித்து இரு கிளைகளின் பொது மூதாதையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு சிறு கிளை பிரித்து, திருத்தத்தை அதில் எழுதி, அதை இரண்டிலும் மெர்ஜ் செய்யுங்கள். அப்போது இருவருக்கும் பொதுவான புள்ளி அந்தத் திருத்தமே ஆகிவிடும். பிறகு மெயினில் ரிவர்ட் செய்தால், அதை மாற்றம் என்று அடுத்த மெர்ஜ் சரியாக உணரும். நகல் எடுக்கும் தேவையே இல்லை.

அப்படியானால் எந்தக் கிளையில் முதலில் திருத்த வேண்டும்?

பெரிய திட்டங்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. லினக்ஸ் கெர்னலில் திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில் சேர வேண்டும். அதன் பிறகே நிலைப் பதிப்புகளுக்கு எடுக்கப்படும், மூலக் கமிட்டின் எண்ணும் செய்தியில் இருக்கும். கிட் திட்டத்தின் சொந்த ஆவணமோ, அந்தத் திருத்தம் தேவைப்படும் மிகப் பழைய கிளையில் முதலில் எழுதி, அங்கிருந்து மேல்நோக்கி மெர்ஜ் செய்யச் சொல்கிறது. முதலாவதில் திருத்தம் புதிய பதிப்பில் விடுபட்டுப்போகும் அபாயம் இல்லை. இரண்டாவதில் நகல்களே இல்லை. எது எங்கே சேர்ந்தது என்று கிட்டே சொல்லிவிடும்.

ஏழு பேர் கொண்ட எங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்துகிறது. அந்தச் செப்டம்பருக்குப் பிறகு, வரி தொடர்பான எதையும் மெயினில் தொடங்குவதில்லை. 4.1-ஐ இன்னும் இரண்டு கடைகள் வைத்திருக்கின்றன. ஆகவே அங்கே எழுதி, 4.2-இல் மெர்ஜ் செய்து, பிறகு மெயினுக்குக் கொண்டுபோகிறோம். மெயினில் எழுதிய பிறகே பழைய பதிப்பிலும் அந்தப் பிழை இருப்பது தெரியவரும் நேரங்களும் உண்டு. அப்போது மட்டும் '-எக்ஸ்' சேர்த்துச் செர்ரி-பிக் செய்து, அந்தக் கிளையில் 1,400 ரூபாய்ச் சுடிதாருக்கு ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறோம்.